முட்டிவலிக்காரர்களின் ஏற்காடு

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் முட்டியை அழுத்திப் பார்த்த டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார். தினமும் நடக்கணும். சமதரையில் மட்டும் நடக்கணும். சரி என்று தலையாட்டிவிட்டு சேலத்து வெயிலுக்குள் இறங்கினோம். அந்த மாதமே தங்கச்சிக்கு ஏற்காடு மலைமேல் வேலை கிடைத்து, வெள்ளக்கடைப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டாள். அம்மா சமைக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் சாப்பிட்டாளா என்று தெரியாமல் அம்மாவுக்குத் தூக்கம் வராது. ஆக, சமதரையில் மட்டும் நடக்க வேண்டிய மனுஷி மாதத்தில் பாதி நாள் மலையில் குடியிருக்கும்படி ஆகிவிட்டது.

"வெள்ளக்கடைன்னா அங்க என்னடா கடை?" என்று அம்மா முதல் தடவை பஸ்ஸிலேயே கேட்டாள். ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஒண்டிக்கடை ரவுண்டானாவைப் பார்த்தும் இதையே கேட்பார்கள். கடை என்றால் இடம் என்றும் ஒரு பொருள் உண்டு என்று நான் தமிழ் வாத்தியார் போல ஆரம்பித்தேன். "டீக்கடை இருந்தா போதும்" என்று முடித்துவிட்டாள். இருந்தது. ஏற்காடு ஒன்றியத்தில் இருக்கும் 9 ஊராட்சிகளில் வெள்ளக்கடையும் ஒன்று. சுற்றுலாக்காரர்களின் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. காபித் தோட்டங்கள், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், நடுவில் வீடுகள், ஒரு சாலை. அவ்வளவுதான்.

இந்தப் பதிவு அந்த நாலு வருஷத்தில் அம்மாவும் நானும் கண்டுபிடித்த நடைகளைப் பற்றியது. மலையேற்றக்காரர்கள் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். முட்டி வலி, மூச்சு வாங்குதல், மடியில் குழந்தை, பெரிய வயிறு, இதில் ஏதாவது ஒன்று உங்களிடம் இருந்தால் உட்காருங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மலையில் யாரிடமும் தூரம் கேட்காதீர்கள். கேட்டால் வரும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "கிட்டக்கதானுங்க." சேர்வராயன் மலையின் பூர்வகுடிகள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொள்வார்கள். தலைமுறை தலைமுறையாகச் சந்தைக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் இந்தச் சரிவுகளில் நடந்தவர்கள் வாயில் "கிட்டக்க" என்றால், நமக்கு அது ஒரு மணி நேரம். பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே அது கிட்டக்கதான். ஒரு தடவை தலையில் விறகுக் கட்டோடு போன பாட்டியம்மா ஒருவர் அம்மாவைப் பார்த்து, "வா கண்ணு, நானும் அங்கதான் போறேன்" என்று கூப்பிட்டார். அம்மாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். இருபது நிமிஷத்தில் அவர் எங்கள் கண்ணுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு நெய்ஸ்மித் ஞாபகம் வந்தது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குப் போட்டார். சமதரையில் மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதற்குமேல் ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். நூறு அடி ஏறினால் மூன்று நிமிஷம் கூடுதல். உலகம் முழுக்க மலைநடைக்காரர்கள் இன்றும் இதை வைத்துத்தான் நேரம் பார்க்கிறார்கள். ஆனால் இது வாட்டசாட்டமான ஆளுக்கான கணக்கு. நல்ல முட்டிக்கு ஏற்றம்தான் பகை. கெட்ட முட்டிக்கு இறக்கம். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடை முழுவதையும் தொடைத் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே கீழே விட வேண்டும், அந்த அழுத்தமெல்லாம் முட்டிச் சில்லில் போய் விழும். அதனால் எங்கள் வீட்டில் 'சுலபமான நடை' என்பதற்கு ஒரே இலக்கணம்: போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரி இருக்கணும்.

இதை யோசிக்காமல் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளியூர் அருவி. ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் உபரித் தண்ணீர்தான் ஓடையாக ஓடிப்போய் சுமார் 300 அடி உயரத்திலிருந்து கிள்ளியூர்ப் பள்ளத்தாக்கில் விழுகிறது. ஏரியிலிருந்து மூன்று கி.மீ. கூட இல்லை. "சின்ன தூரம், படிக்கட்டு வேற கட்டியிருக்காங்க" என்று அம்மாவைக் கூட்டிப்போனேன். மழை முடிந்த சமயம், அருவி வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி இருந்தது. படிக்கட்டில் இறங்கும்போது நன்றாகத்தான் இறங்கினாள். பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். "நீ போய்ப் பாத்துட்டு எப்படி இருந்துச்சுன்னு சொல்லு" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திரும்பி ஏற முக்கால் மணி நேரம். அடுத்த நாலு நாள் வெந்நீர் ஒத்தடம். வீட்டில் இன்றைக்கும் நான் ஏதாவது ஒரு வேலையை "ரொம்ப ஈஸி" என்று சொன்னால் தங்கச்சி "கிள்ளியூர் மாதிரியா?" என்பாள்.

படிக்கட்டு இருந்தால் பாதை சுலபம் என்று நினைப்பது தப்பு. படிக்கட்டு போட்டிருக்கிறார்கள் என்றாலே அங்கே சரிவு செங்குத்து என்றுதான் அர்த்தம்.

அதற்குப் பிறகு, தண்ணீர் விழும் இடத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் நிற்கும் இடத்துக்குப் போனோம். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனதாகத்தான் சொல்கிறார்கள். ஏரியின் ஓரம் எப்படியும் சமமாகத்தானே இருந்தாக வேண்டும்? ஒண்டிக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அண்ணா பூங்காவைத் தொட்டுக்கொண்டு, படகுத்துறைப் பக்கம் வரை போய்த் திரும்புவது அம்மாவின் முதல் வெற்றி. ஆனால் நேரம் பார்த்துப் போகணும். காலை எட்டு மணிக்குள் போனால் தண்ணீர்மேல் மூடுபனி நிற்கும், கடைக்காரர்கள் மிளகாய் பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருப்பார்கள், சாலை நமக்கே நமக்கு. பதினொரு மணிக்குப் போனால் நடக்க முடியாது, நகர மட்டுமே முடியும். மே மாதக் கோடை விழா நாட்களில் அதுவும் முடியாது.

ஏரிப் பக்கமிருந்து அவசரமில்லாமல் நடந்தால் ஹோலி டிரினிட்டி தேவாலயம் வரும். 1853இல் எழுந்த சின்னக் கோயில். பெரும்பாலான வண்டிகள் நிற்காமல் போய்விடும். எனக்கு ஏற்காட்டிலேயே பிடித்த இடம் இதுதான், காரணம் இங்கே இருக்கும் ஒரு மனிதர்: ராபர்ட் புரூஸ் ஃபூட்.

1863 மே 30 அன்று சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் சரளைக்கல் குழி ஒன்றில் ஃபூட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். மனிதன் செதுக்கிய கற்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்று அது. சில மாதங்களில் வில்லியம் கிங்கோடு போய் அத்திரம்பாக்கத்தையும் கண்டுபிடித்தார். அந்த அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு இன்று 15 லட்சம் ஆண்டு என்று காலக் கணக்குச் சொல்கிறார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858இல் சேர்ந்த மனிதர், தென்னிந்தியாவில் அவர் காலடி படாத பாறை குறைவு. ஓய்வு பெற்ற பிறகு வந்து குடியிருந்தது இந்த மலையில். சேர்த்து வைத்த கற்களையெல்லாம் 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அஸ்தி இங்கே கொண்டுவரப்பட்டது. வாழ்நாள் முழுக்க நடந்தே பிழைத்த ஒருவர் கடைசியில் தங்கத் தேர்ந்தெடுத்த ஊர் ஏற்காடு என்பது, 'ஏழைகளின் ஊட்டி' என்ற அந்தச் சலித்துப்போன பட்டத்தைவிடப் பெரிய விளம்பரமாக எனக்குப் படுகிறது. ஊர் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "கல்லு பொறுக்கினதுக்கா இத்தனை பேரு?" என்றாள். ஆனால் அன்றிலிருந்து நடக்கும்போது தரையைப் பார்த்து நடக்கிறாள், ஏதாவது கிடைக்குமா என்று. முட்டிக்கும் அது நல்லதுதான், தடுக்கி விழ மாட்டாள்.

தரையைப் பார்த்து நடப்பது இந்த மலையில் இன்னொரு விதத்திலும் பலன் தரும். சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னகைட். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் சமாதிக் கல்லைப் பார்த்த தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர், 1893இல் அந்தப் பாறை வகைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார். கல் போனது நம் சென்னைப் பக்கத்திலிருந்து. ஃபூட் கோடரி எடுத்த அதே பல்லாவரத்துப் பாறை வகைதான். கரும்பச்சையாக, எண்ணெய் தடவினது போல உடைந்த முகம் மின்னும். சாலைக்காக வெட்டின ஓரங்களில் கிடைக்கும், பார்க்கலாம்.

இந்தப் பாறை என்ன செய்தது என்பதில்தான் எங்கள் அடுத்த நடை இருக்கிறது.

சேர்வராயன் கோயில், ஏரியிலிருந்து ஆறு கி.மீ. அளவில், 5,300 அடிக்கு மேலே. இந்த மலையின் கூரை என்று சொல்லலாம். கூரை என்றால் ஓட்டுக்கூரை மாதிரிக் கூம்பாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். மேலே போய் இறங்கினால் மொட்டைமாடி! அத்தனை உயரத்தில் அவ்வளவு சமமான புல்வெளி. அம்மா வண்டியிலிருந்து கால் வைத்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள், டாக்டரை இங்கே கூட்டிவந்திருக்கலாம் என்கிற மாதிரி.

காரணம் மழை. கோடிக்கணக்கான வருஷம் மழை பெய்து பெய்து அந்தச் சார்னகைட்டிலிருந்த மணல்சத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. மிச்சம் நின்றது அலுமினியமும் இரும்பும். அது இறுகிச் செந்நிற மூடியாக உச்சியில் படிந்தது. அதுதான் பாக்சைட். மூடி போட்ட பாத்திரம் மாதிரி உச்சி தட்டையாக நிற்கிறது. இந்த மலையிலிருந்து பாக்சைட் வெட்டி எடுத்து மேட்டூர் அலுமினிய ஆலைக்கு வண்டி வண்டியாக இறக்கியதைப் பார்த்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். காலுக்கடியில் சிவப்பாக, குண்டுமணி குண்டுமணியாகக் கிடக்கும் கற்களை எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு இட்லிப் பானையின் பூட்டன் அது.

கோயில் என்பது ஒரு குகை. குனிந்து போகணும், உள்ளே ஈரமாக, இருட்டாக இருக்கும். சேர்வராயனும் காவேரியம்மனும் அங்கே இருக்கிறார்கள். குகை காவிரி பிறக்கும் இடம் வரைக்கும் போகிறது என்பது மலை மக்களின் நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்று ஊர்க்காரர்களெல்லாம் மேலே திரள்வார்கள். அம்மா வாசலிலேயே கும்பிட்டுக்கொண்டாள், குனிந்தால் நிமிர முடியாது என்று. பிறகு இரண்டு பேரும் மொட்டைமாடியின் விளிம்பை ஒட்டி ஒரு மணி நேரம் நடந்தோம். எங்கேயும் ஏறவில்லை, எங்கேயும் இறங்கவில்லை. காற்று மட்டும் புடவையைப் பிடித்து இழுக்கும். தொப்பியை மறந்துவிடாதீர்கள், நிழல் என்ற பேச்சே இல்லை.

பகோடா முனை பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கற்களைக் கூம்பாக அடுக்கிய குவியல்கள், ஒரு ராமர் கோயில், கீழே காக்கம்பாடி ஊர். நடக்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை, பார்க்க உண்டு. லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கம், ரோஜாத் தோட்டத்தையும் சேர்த்துக்கொண்டால் அரை மணி நேர நடை தேறும். சாயங்காலம் போய் சேலத்தில் விளக்கு எரிவதைப் பார்க்கலாம். அம்மாவுக்கு அங்கே ஒரு விளையாட்டு உண்டு. கீழே பளபளக்கும் ஏரிகளில் எது எது என்று சொல்வாள். பாதி தப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன், திருத்துகிற அளவுக்கு எனக்கும் தெரியாது.

இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தை மட்டும் தவறவிடாதீர்கள். 1963இல் தொடங்கியது, 45 ஏக்கர் இருக்கும். பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி மேகாலயாவிலிருந்து வந்து இங்கே வளர்கிறது. தட்டினால் மணியோசை எழும் பாறை ஒன்று இருக்கிறது. சேர்வராயன் மலையின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற மரத்தையும் இங்கே பார்க்கலாம். மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை உண்டு. அம்மா ஒவ்வொரு பலகையிலும் நின்று எழுத்துக்கூட்டிப் படிப்பாள். உண்மையில் அது மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு மரியாதையான வழி.

இனி எங்கள் சொந்த நடைக்கு வருகிறேன். வெள்ளக்கடை.

ஏற்காடு ஏரியில் கிளம்பி எஸ்டேட்டுகளையும் ஊர்களையும் சுற்றிக்கொண்டு ஏரிக்கே திரும்பும் 32 கி.மீ. சுற்றுச் சாலை ஒன்று உண்டு. கார்க்காரர்கள் ஒரே மூச்சில் சுற்றிவிட்டு 'பார்த்தாச்சு' என்பார்கள். நடக்கிறவர்களுக்கு அந்த மாதிரிச் சாலைகள் தோசை மாவு மாதிரி, மொத்தத்தையும் தின்ன முடியாது, ஒரு நாளைக்கு ஒரு தோசை. இந்தச் சாலைகளின் நல்ல குணம் என்னவென்றால், வண்டியும் காபி மூட்டையும் போவதற்காகப் போட்டவர்கள் மலையின் இடுப்பைச் சுற்றி ஒரே மட்டத்தில் போட்டிருக்கிறார்கள், பல இடங்களில். தூரம் கூடும், ஏற்றம் குறையும். ஊர்க்காரர்கள் இதற்கு நேர் எதிர். அவர்களுடைய ஒத்தையடிப் பாதை ஒரு வளைவின் வயிற்றிலிருந்து அடுத்த வளைவின் தலைக்கு நேராக ஏறிவிடும். 'கிட்டக்க' என்பது அந்தப் பாதையில்தான். எப்போதும் நீளமான பாதையைக் கேளுங்கள். "வண்டி போற வழி எது?" என்று கேட்டால் சரியான பதில் வரும்.

இங்கே காபி வந்து இருநூறு வருஷமாகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கிரேஞ்ச் எஸ்டேட்டில் வைத்த செடிகளிலிருந்து ஆரம்பம். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும் மலைக்கும் என்னதான் ஒப்பந்தமோ. காபி நிழலில் வளரும் செடி என்பதால் தோட்டச் சாலை முழுக்க மரநிழல். மதியம் பன்னிரண்டு மணிக்கும் நடக்கலாம். நவம்பர் வாக்கில் பழம் சிவக்கத் தொடங்கும், பொங்கல் வரை பறிப்பு. இடுப்பில் பை கட்டிய பெண்கள் செடிக்குள்ளிருந்து பேசுவார்கள், ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். களத்தில் பழம் காயும் புளிப்பு வாசனை ஊரெல்லாம் அடிக்கும். எனக்குப் பிடிக்கும். தங்கச்சி ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

ஆனால் அம்மா காத்திருப்பது பூவுக்கு. பிப்ரவரி, மார்ச்சில் செடிகள் மொட்டைக் கட்டி வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். ஒரு நல்ல மழை பெய்யணும். பூமழை என்பார்கள். அது பெய்து எட்டு ஒன்பது நாளில், இலைக் கணுவுக்குக் கணு வெள்ளை வெளேரென்று ஒரே சமயத்தில் பூத்துவிடும். மல்லிகையும் ஆரஞ்சுப் பூவும் கலந்த மாதிரி ஒரு மணம். இரண்டு மூன்று நாள்தான், பிறகு பழுப்பாகி உதிரும். ஆகவே அந்த நடைக்குத் தேதி குறிக்க முடியாது. மழை பெய்த நாளிலிருந்து எண்ண வேண்டும். முதல் வருஷம் இரண்டு நாள் பிந்திப் போனோம். செடியெல்லாம் துருப்பிடித்த மாதிரி நின்றது.

எஸ்டேட் சாலைகள் பல தனியாருடையவை. கேட் இருந்தால் நின்று கேளுங்கள். ஒரு காவலாளி எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கீங்க போறீங்க?"

"சும்மா நடந்துட்டு வரலாம்னுங்கண்ணே. அம்மாவுக்கு முட்டிவலி, டாக்டர் நடக்கச் சொன்னாரு."

"அதுக்கு மலைக்கா கூட்டியாருவாங்க?" என்றார். பிறகு, "நடங்க, நடங்க. செடியில கை வெக்காதீங்க. அந்த வளைவுக்கு அங்கிட்டு வேண்டாம், நேத்து நாலு எருமை நின்னுச்சு."

எருமை என்றால் காட்டெருமை. உண்மையில் எருமையே இல்லை, காட்டுமாடு. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்கும். ஏற்காட்டுத் தோட்டங்களில் இது சகஜம், ஆளை முட்டித் தூக்கிய சம்பவங்களும் நடந்திருக்கின்றன. செல்ஃபிக்குக் கிட்டே போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். வெயில் ஏறும் முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் தோட்டச் சாலையில் நடக்காதீர்கள், பேசிக்கொண்டே போங்கள், தூரத்தில் பார்த்தால் வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள். அம்மா பேசிக்கொண்டேதான் நடப்பாள், எங்களுக்கு ஆபத்து குறைவு. மழைக்காலத்தில் அட்டை இருக்கும். உப்புப் பொட்டலம் கையில் இருந்தால் போதும், அலற வேண்டியதில்லை.

காப்புக்காட்டுக்குள் மட்டும் சொந்த முடிவில் நுழையாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீ 23 பேரைக் கொண்டுபோன பிறகு மாநிலத்தில் மலையேற்றத்துக்கு விதிகள் கடுமையாகிவிட்டன, ஆக வேண்டியதும்தான். 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை முன்பதிவும் வழிகாட்டியும் வைத்துத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். அந்த 'எளிது' அம்மாவின் எளிது இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் முட்டி இளசாக இருந்தால் போய்வாருங்கள்.

நதிக்கரையில் நடக்க ஆசை என்று யாராவது கேட்டால் ஏற்காட்டைச் சொல்ல மாட்டேன். இங்கே ஆறு இல்லை. ஆனால் ஆறுகளின் தாய்வீடு இது. தெற்குச் சரிவில் விழும் மழை திருமணிமுத்தாறாகி சேலத்துக்குள் படாத பாடு பட்டு, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியைத் தொடுகிறது. மேற்கே சரபங்கா, ஓமலூர், எடப்பாடி என்று சுற்றி அதுவும் காவிரிக்கே. வடக்கே விழுவது வாணியாறு. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அணையில் நின்று, பிறகு தென்பெண்ணையில் சேர்ந்து, கடலூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. மேகம் ஒன்றுதான். இந்தப் பக்கம் விழுந்தால் பூம்புகார், அந்தப் பக்கம் விழுந்தால் கடலூர். ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மழை பார்க்கும்போது, நம் வீட்டு ஓட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று நானும் தங்கச்சியும் சண்டை போடுவோம்.

சேலத்தில் இருக்கும் பாதி மாதத்துக்கு அம்மாவின் நடை கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில். மலையடிவாரத் தண்ணீர் புது ஏரி வழியாக இங்கேதான் வந்து சேரும். 2010இல் சேலம் குடிமக்கள் குழு இந்த ஏரியைத் தூர்வாரியபோது, எடுத்த மண்ணை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத்திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். இப்போது அவை பறவைகளின் தீவுகள். கரை மட்டமானது, அகலமானது, எங்கள் இலக்கணத்துக்கு நூற்றுக்கு நூறு. எதிரே சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும். மாலை இருட்டியதும் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி விளக்குகள் ஏறுவது தெரியும். மொத்தம் இருபது வளைவு. அம்மா எண்ணிப் பார்ப்பாள்.

நேற்றும் அங்கேதான் நடந்துகொண்டிருந்தோம். தங்கச்சி போன் செய்தாள். நேற்று முன்தினம் ராத்திரி வெள்ளக்கடையில் நல்ல மழை, ஓட்டில் தடதடவென்று ஒரு மணி நேரம் அடித்தது, காலையில் கரண்ட் இல்லை, தோசை மாவு புளித்துவிட்டது என்றெல்லாம் சொன்னாள். அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு நின்றாள். விரல்களை மடக்கினாள். செவ்வாய், புதன், வியாழன்.

"அடுத்த வியாழக்கிழமைக்கு லீவு போட்டுருடா" என்றாள். "பிந்திப் போகக் கூடாது."